ஏழாவது பிடி

யூரியாப் பை இரண்டு.
கழுவி மூன்று நாள் வேலியில் காயப்போட்டும்
கையில் ஒட்டியது அந்த உப்பு மணம்.
புதுக்குடியிருப்புக் கராஜில் செத்துக் கிடந்த ஹயஸ் வானிலிருந்து
சீற் பெல்ற் நாலு.
"வானுக்கே உதவாதது உனக்கு என்னத்துக்குப் பிள்ளை?"
என்றாரே தவிர
காசு வாங்கவில்லை.

சுருட்டினால் சோற்றுப்பெட்டி அளவு வரவேண்டும்,
மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே
மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.
அதுதான் என் கணக்கு.

மெஷின் ஊசி மூன்று முறிந்தது.
பிறகு செருப்புத் தைக்கிற ஊசி,
வலைக்காரரிடம் வாங்கிய நைலோன் நூல்,
பெருவிரலில் சைக்கிள் ரியூப் துண்டு.
பிடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரம்,
சதுரத்துக்குள் ஒரு புள்ளடி.
வாக்குச் சீட்டில்கூட
இவ்வளவு அழுத்திப் போட்டதில்லை.

முதலில் நெல்லு மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம்.
அடுத்தது மச்சாள் வதனி.
"சந்தனத்தையும் பூசி விடுங்கோவன்" என்று
சிரித்தபடி ஏறிப் படுத்தாள்.
பக்கத்துக்கு மூன்று, ஆறு பிடி.
தலைமாட்டில் ஏழாவதைக் கண்டு
"இது ஆர் பிடிக்க?" என்றாள்.
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்,
பதில் சொல்ல வாயில்லை.

ஆனி மாதம்.
முத்தையன்கட்டுக் குளத்துக்கு அப்பால்
காடு முழுக்கப் பாலைப்பழம்.
கெங்காதரன் கொப்போடு வந்து விழுந்தான்.
வாளி கவிழ்ந்த இடத்துக்கு
எங்களுக்கு முன்னமே எறும்பு வந்திருந்தது.
"கால் எங்கை?" என்று கேட்டான்.
கால் இருந்தது,
அவனுக்குத்தான் தெரியவில்லை.

புற்றில் ஏறி நின்றால் போனுக்கு ஒரு கோடு சிக்னல்.
1990 வண்டி தார் ரோட்டுக்கு வரும்,
ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு கட்டை காடு.
"தூக்கி இருத்தித் தண்ணியைக் குடுங்கோ" என்றார் ஒருவர்.
"தொடாதேங்கோ!"
கத்தினது நான்தான்.

வீரைத் தடி இரண்டு வெட்டி
பையின் ஓரக் குழல்களில் செலுத்தினோம்.
குறுக்கே விரல்நெருக்கத்தில் சிறுதடிகள்,
ஆரோ சாரத்தைக் கிழித்துக் கட்டினார்கள்.
மரப்பலகைபோல அசையாமல்
உருட்டி ஏற்றினோம்.
அவன் முதுகுக்குக் கீழே
"நிகர நிறை 50 கிலோ" என்று அச்சு.
கெங்காதரன் எழுபத்தாறு.

நாலு தோளுக்கு நாலு முனை.
நடுப்பிடிகளை இழுத்து நெஞ்சுக்கு மேல் முடிந்தோம்.
காதுக்கு ஒன்றாக என் பாட்டாச் செருப்பு,
தலை அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது.
நெற்றிக்கு மேலே ஏழாவது.

அன்றைக்கு நாங்கள் ஆறு பேர்.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு,
ஒரு சாரம்.
ஆறு பேரும் ஓடினோம்,
ஆறு பேரும் சாரத்தைத்தான் பிடித்தோம்.
அண்ணாவின் தலை
வழி முழுக்க
இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டு வந்தது.

"மெல்ல" என்றேன்.
"வேர்" என்றேன்.
"வலது கால் முன்னுக்கு" என்றேன்.
வேறு ஒன்றும் நான் பேசவில்லை.
ஒன்றரை மணித்தியாலம்
வெறுங்காலோடு
அவன் கண்ணைத் தலைகீழாகப் பார்த்து நடந்தேன்.
ஒருதரம் "பழம் ஆரும் பொறுக்கினவையோ?" என்று கேட்டான்.
"ஓம்" என்று பொய் சொன்னேன்.

வண்டிக்காரப் பொடியன் பையைத் தடவிப் பார்த்தான்.
"அவிழ்க்க வேண்டாம், இதோடையே ஏத்துவம்" என்றான்.

நாலாம் நாள் மாஞ்சோலையிலிருந்து பை வந்தது.
ஆரோ கழுவி
பிழையாக மடித்திருந்தார்கள்.
வலது பெருவிரல் அசையுதாம்,
இடதைப் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம்.
மூன்றாம் பிடியில்
புள்ளடியின் ஒரு கால் விட்டிருந்தது.
நெல்லு மூட்டை காட்டித்தராத பிழை.

செருப்பு வரவில்லை.
பாதத்தில் சூரைமுள் ஒன்று
இன்னும் கிடக்கிறது.
ஊசி அதற்கும் வேண்டும்.
முதலில் பை.